பனிக்கு அடியில் ஒரு ராணுவ நகரம்: கேம்ப் செஞ்சுரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரகசிய ராணுவத் தளங்களைப் பற்றி இணையத்தில் கிடைப்பதில் பெரும்பகுதி ஊகம். கிரீன்லாந்துப் பனிக்குள் அமெரிக்க ராணுவம் கட்டிய கேம்ப் செஞ்சுரி அப்படியில்லை. கட்டுமான அறிக்கை, அணு உலைக் கணக்கு, டென்மார்க் அரசின் விசாரணை முடிவு, பனித்துளை ஆய்வுகள் என எல்லாமே இன்று படிக்கக் கிடைக்கின்றன. ஒரு ரகசியத் தளம் எப்படித் திட்டமிடப்பட்டது, எப்படி மறைக்கப்பட்டது, எதனால் வீழ்ந்தது என்பதை ஆதாரத்தோடு தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்க இதைவிட நல்ல உதாரணம் குறைவு.

கேம்ப் செஞ்சுரி எங்கே இருந்தது? யார் கட்டியது?

வடமேற்கு கிரீன்லாந்தில், 77 டிகிரி வடக்கு அட்சரேகையில், பனிப்பாளத்தின் மேல் இருந்தது. கடல் மட்டத்திலிருந்து உயரம் சுமார் 1,885 மீட்டர். அமெரிக்காவின் துலே விமானத் தளத்துக்குக் கிழக்கே ஏறக்குறைய 240 கி.மீ. தொலைவு. (துலேவுக்கு 2023இல் பிட்டுஃபிக் விண்வெளித் தளம் என்று பெயர் மாற்றினார்கள். பழைய ஆவணங்கள் எல்லாவற்றிலும் துலேதான்.)

அமெரிக்கத் தரைப்படையின் பொறியாளர் பிரிவு 1959 ஜூனில் வேலையைத் தொடங்கி 1960 அக்டோபரில் முடித்தது. மொத்தச் செலவு சுமார் 79 லட்சம் டாலர். அதில் 57 லட்சம் அணு உலைக்கே போனது. பனி விளிம்பிலிருந்து 100 மைல் உள்ளே அமைப்பதாக முதலில் திட்டம், அதனால்தான் செஞ்சுரி என்று பெயர். தேர்ந்தெடுத்த இடம் அதையும் தாண்டி உள்ளே போய்விட்டது, பெயர் மாறவில்லை.

காலத்தைப் பொறுத்து 85 முதல் 200 பேர் வரை அங்கே தங்கினார்கள். சமையலறை, உணவுக்கூடம், மருத்துவமனை, தேவாலயம், நூலகம், திரையரங்கு, சலவைக்கூடம், முடிதிருத்தும் கடை, ஆய்வுக்கூடங்கள் எல்லாமே பனியின் மேற்பரப்புக்குக் கீழே இருந்தன.

பனிக்கு மேலேயே கட்டாமல் உள்ளே தோண்டியது ஏன்?

மேலே கட்டிய எதுவும் அங்கே நிலைக்காது. குளிர் மைனஸ் 57 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும், காற்று மணிக்கு 200 கி.மீ. வரை வீசும். அதையெல்லாம்விடப் பெரிய தொல்லை, காற்று அடித்துக்கொண்டு வரும் பொடிப்பனி. எந்தக் கட்டடம் எழுந்தாலும் அதன் மறைவில் பனி குவியத் தொடங்கி, சில ஆண்டுகளில் கட்டடத்தையே மூடிவிடும். எப்படியும் புதையப்போகிறது, முதலிலேயே புதைத்துக் கட்டிவிடலாம் என்று பொறியாளர்கள் முடிவு செய்தார்கள். பனிக்கு அடியில் காற்று கிடையாது, வெப்பநிலையும் ஆண்டு முழுவதும் ஓரளவு ஒரே சீராக இருக்கும்.

மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது என்பது ராணுவத்துக்குக் கூடுதல் லாபம். அது எவ்வளவு பெரிய லாபமாகக் கருதப்பட்டது என்பது ஐஸ்வார்ம் என்ற ரகசியத் திட்டத்தைப் பற்றிய கேள்வியில் வரும்.

அகழிகளை எப்படித் தோண்டினார்கள்?

சுரங்கம் குடையவில்லை. மேலிருந்து வெட்டி மூடினார்கள். வேலை இந்த வரிசையில் நடந்தது.

முதலில் பீட்டர் பிளவ் என்ற சுவிட்சர்லாந்துப் பனிவெட்டும் இயந்திரங்களை இறக்கினார்கள். மலைச்சாலைகளில் பனியை அகற்றுவதற்காகச் செய்யப்பட்ட இயந்திரம் இது. முன்புறம் சுழலும் வெட்டுருளைகள் பனியை அரைத்துப் பொடியாக்க, அந்தப் பொடி ஒரு குழாய் வழியாக அகழியின் கரைக்கு வீசப்படும். ஓர் இயந்திரம் மணிக்கு 900 கன மீட்டருக்கு மேல் அள்ளும். ஒவ்வொரு முறை போய்வரும்போதும் அகழி ஓர் அடுக்கு ஆழமாகும்.

அடுத்தது கூரை. அகழியின் இரு விளிம்புகளிலும் வளைந்த நெளிதகடு எஃகு வளைவுகளை ஊன்றி, அரைத்த பனியை அவற்றின் மேலேயே வீசினார்கள். இந்தக் கட்டிட முறையின் அச்சாணி இங்கேதான் இருக்கிறது. இயற்கையாக விழுந்த பனியைவிட, இயந்திரத்தில் அரைபட்ட பனி வேகமாக இறுகும். துகள்கள் நுண்ணியவை, ஒன்றையொன்று தொடும் இடங்கள் அதிகம், அந்த இடங்களிலெல்லாம் அவை உருகாமலேயே ஒட்டிக்கொள்ளும். சில நாட்களில் ரம்பத்தால் அறுக்கும் அளவுக்குக் கெட்டிப்படும். அதனால் சில அகழிகளில் பனி இறுகியதும் எஃகு வளைவுகளைக் கழற்றி அடுத்த அகழிக்குக் கொண்டுபோக முடிந்தது. பனி வளைவு தன் பாரத்தைத் தானே தாங்கி நின்றது.

சில அகழிகளை மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் வெட்டினார்கள். கூரை தாண்ட வேண்டிய இடைவெளி குறைந்தால் எஃகும் குறையும்.

மொத்தம் 21 அகழிகள், எல்லாவற்றையும் சேர்த்து நீளம் சுமார் 3 கி.மீ. நடுவில் ஓடிய பிரதான அகழிக்கு மெயின் ஸ்ட்ரீட் என்று பெயர். நீளம் 335 மீட்டர், அகலம் 8 மீட்டர், உயரம் எட்டரை மீட்டர். மற்றவை அதிலிருந்து இருபுறமும் கிளை பிரிந்தன. அவற்றுக்குள் முன்கூட்டியே செய்து கொண்டுவந்த மரக் கட்டடங்களைப் பொருத்தினார்கள்.

அவ்வளவு சாமானும் அங்கே எப்படிப் போனது?

கப்பலில் துலே வரை. அங்கிருந்து பனி விளிம்பில் இருந்த கேம்ப் டூட்டோ என்ற முகாமுக்கு லாரியில். டூட்டோவிலிருந்து பனிச்சறுக்கு வண்டித் தொடர்களில் ஏற்றி, அகலப் பட்டை கொண்ட கேட்டர்பில்லர் டிராக்டர்களால் இழுத்தார்கள். ஹெவி ஸ்விங் என்று இதற்குப் பெயர். 222 கி.மீ. தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 70 மணி நேரம், அதாவது மணிக்கு 3 கி.மீ. சொச்சம். ஓட்டுநர்கள் முறை மாற்றிக்கொண்டு நிற்காமல் ஓட்டினார்கள். தூங்குவதற்கும் சமைப்பதற்கும் தொடரிலேயே தனி வண்டிகள் உண்டு.

ஆபத்து இரண்டு இடத்தில். விளிம்பை ஒட்டிய பகுதியில் பனிப்பாளத்தில் ஆழமான வெடிப்புகள் இருக்கும், மேலே மெல்லிய பனி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பகுதியில் கொடி நட்ட தடத்தைவிட்டு ஒரு வண்டிகூட விலகக்கூடாது. உள்ளே போனபின் வெண்மூட்டம். தரையும் வானமும் ஒரே வெள்ளையாகி, அடுத்த கொடி எங்கே என்றே தெரியாமல் போகும். தெளியும்வரை நிற்பதைத் தவிர வழியில்லை.

உள்ளே ஹீட்டர் போட்டால் சுவர் உருகாதா?

உருகும். உருகாவிட்டாலும் சூடேறிய பனி வேகமாக நெகிழ்ந்து சரியும், அதுதான் இன்னும் மோசம். அதனால் எந்தக் கட்டடமும் பனிச்சுவரைத் தொடக்கூடாது என்பது முதல் விதி. நான்கு பக்கமும் காற்று ஓட இடம் விட்டு, தரையிலிருந்தும் உயர்த்தியே வைத்தார்கள். கோடையில் அதுவும் போதவில்லை. அகழியின் தரையில் சுமார் 35 செ.மீ. விட்டத்தில் ஆழமான துளைகள் போட்டு, அடியில் இருக்கும் குளிர்ந்த காற்றை மேலே இழுத்து அகழிக்குள் விட்டார்கள். அங்கே பனியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை மைனஸ் 24 டிகிரி. ஆண்டு முழுவதும் செலவில்லாமல் கிடைக்கும் குளிர்சாதனம் அது.

குடிநீர்?

ரவுல் ரோட்ரிகஸ் என்ற ராணுவப் பொறியாளர் வகுத்த முறை. இன்றும் அவர் பெயரிலேயே ராட்வெல் என்று அழைக்கிறார்கள். நீராவியால் பனியில் ஒரு குழி இறக்க வேண்டும். மேல்பகுதிப் பனியில் காற்றுத் துளைகள் இருப்பதால் உருகிய நீர் ஒழுகிப் போய்விடும். நீர் புகாத கெட்டிப் பனிக்கட்டி வரும் ஆழம்வரை போனால்தான் குளம் நிற்கும். அங்கே வெப்பத்தைத் தொடர்ந்து கொடுத்தால் குமிழ் வடிவில் நீர்த்தேக்கம் உருவாகும். அதிலிருந்து பம்பு வைத்து எடுத்தார்கள், நாளொன்றுக்கு சுமார் 38,000 லிட்டர்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் தெளிவானவை. எடுக்கும் நீருக்கு ஈடாக வெப்பம் கொடுக்காவிட்டால் குளம் ஓரத்திலிருந்து உறைந்து சுருங்கும். சரியாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் குளம் கீழே கீழே இறங்கிக்கொண்டே போகும், ஒரு கட்டத்துக்குமேல் பம்புக்கும் வெப்பத்துக்கும் ஆகும் செலவு கட்டாது. அப்போது புதுக் கிணறு தோண்ட வேண்டும். தென்துருவத்தில் உள்ள அமுண்ட்சென் ஸ்காட் ஆய்வு நிலையம் இன்றும் இதே முறையில்தான் குடிநீர் எடுக்கிறது.

கழிவறை, சாக்கடை?

கேம்ப் செஞ்சுரியில் மிகவும் சொதப்பிய பகுதி இதுதான். கழிவுநீரைப் பனிக்குள் ஒரு குழியில் விட்டார்கள். அருகிலிருந்த கட்டடத்திலிருந்து அந்தக் குழி சுமார் 45 மீட்டர் தள்ளி இருந்தது. காற்றுப்போக்கி வைக்கவில்லை. ஓராண்டுக்குள் பக்கத்துத் தங்குமிடங்களில் நாற்றம் தாங்க முடியாத நிலைக்குப் போனது. பிறகு காற்றுப்போக்கி வைத்தார்கள், குறைந்ததே தவிர ஒழியவில்லை.

காரணம் 1962இல் அந்தப் பகுதியில் துளையிட்டுப் பார்த்தபோது தெரிந்தது. கழிவுநீர் குழிக்குள் நிற்காமல் பக்கவாட்டில் 50 மீட்டருக்கு மேல் பரவியிருந்தது. குடிநீர்க் கிணற்றுக்குக் கெட்டிப் பனியைத் தேடிப்போன அதே கணக்கை இங்கே யாரும் போடவில்லை. நாற்றத்தோடு பிரச்சினை முடியவில்லை. வெதுவெதுப்பான கழிவுநீர் சுற்றியிருந்த பனியைச் சூடாக்கி, அருகிலிருந்த அகழிகள் நெகிழ்வதையும் வேகப்படுத்தியது.

அணு உலையைப் பற்றிச் சொல்லுங்கள்.

பிஎம்-2ஏ என்பது அதன் பெயர். எடுத்துச் செல்லக்கூடிய, நடுத்தரத் திறன் கொண்ட உலை என்ற வகை. ஆல்கோ நிறுவனம் செய்தது. மின்திறன் சுமார் 1,500 கிலோவாட், கூடவே கட்டடங்களைச் சூடாக்க நீராவி. எரிபொருள் செறிவூட்டிய யுரேனியம், சுமார் 20 கிலோ.

டீசலைவிட இது ஏன் மேல் என்பதற்கு ஹெவி ஸ்விங் கணக்கைப் பார்த்தாலே போதும். ஒவ்வொரு பீப்பாய் டீசலையும் மூன்று நாள் இழுத்துக்கொண்டு போக வேண்டும். உலைக்குள் ஒருமுறை வைக்கும் எரிபொருள் ஆண்டுக்கணக்கில் வரும்.

உதிரிகள் 1960 ஜூலையில் துலே வந்து சேர்ந்தன. பனிக்குள் பொருத்தி முடிக்க 80 நாட்களுக்கும் குறைவாகவே ஆனது. அக்டோபர் 2 அன்று உலை முதன்முறையாகத் தொடர்வினையை எட்டியது. சில மணி நேரத்திலேயே நிறுத்த வேண்டி வந்தது. தடுப்பைத் தாண்டி நியூட்ரான்கள் கசிந்தன. கூடுதலாக ஈயத் தடுப்பு வைத்துச் சரிசெய்தபின் நவம்பரில் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. அவசரத்துக்கு டீசல் ஜெனரேட்டர்கள் எப்போதும் தயாராக இருந்தன.

1963 ஜூலையில் உலையை நிறுத்தினார்கள், 1964 கோடையில் பிரித்து அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதன் அழுத்தக்கலன் ஐடஹோ அணு உலைச் சோதனை நிலையத்துக்குப் போனது. நியூட்ரான் தாக்கத்தால் எஃகு எவ்வளவு நொறுங்குதன்மை அடைகிறது என்று பார்க்க அங்கே அதை உடைத்துச் சோதித்தார்கள். இயங்கிய காலத்தில் உருவான கதிரியக்கத் திரவக் கழிவு சுமார் 1,78,000 லிட்டர். அது பனிக்குள்ளேயே விடப்பட்டது.

பத்திரிகை, டிவி எல்லாவற்றிலும் வந்த முகாம் எப்படி ரகசியத் தளமாகும்?

நியாயமான கேள்வி. ராணுவமே ஆவணப்படம் எடுத்துக் காட்டியது. 1961இல் சிபிஎஸ் தொலைக்காட்சியின் வால்டர் கிரான்கைட் நேரில் போய் நிகழ்ச்சி தயாரித்தார். அமெரிக்காவிலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் ஒவ்வொரு சாரணச் சிறுவனைத் தேர்ந்தெடுத்து ஒரு குளிர்காலம் அங்கே தங்க வைத்தார்கள். அணு உலையைக்கூட மறைக்கவில்லை, பெருமையாகக் காட்டினார்கள்.

சொன்னவை எல்லாம் உண்மை. துருவக் கட்டுமான ஆராய்ச்சி நடந்தது, பனியியல் ஆய்வு நடந்தது, உலைச் சோதனையும் நடந்தது. இவையெல்லாம் எதற்கான முன்னோட்டம் என்பதை மட்டும் சொல்லவில்லை. இடத்தை மறைத்திருந்தால் யாராவது தேடிப் போயிருப்பார்கள். நோக்கத்தை மறைத்ததால் முப்பது ஆண்டுக்கு மேல் யாருக்கும் தேடத் தோன்றவில்லை. ரகசியத் தளங்களின் வரலாற்றில் கேம்ப் செஞ்சுரிக்கு உள்ள தனி இடம் இதனால்தான்.

அந்த நோக்கம் என்ன? ஐஸ்வார்ம் திட்டம் என்றால் என்ன?

கிரீன்லாந்துப் பனிப்பாளத்துக்கு அடியில் 4,000 கி.மீ. நீளத்துக்கு அகழிகள் வெட்டி, அவற்றுக்குள் 600 அணு ஏவுகணைகளை வைத்து, ரயிலில் இடம் மாற்றிக்கொண்டே இருப்பது. தரைப்படையின் திட்டம் இது. பரப்பளவு சுமார் 1,30,000 சதுர கி.மீ., அதாவது ஏறக்குறைய முழுத் தமிழ்நாடு. ஏவுகணைக் குழுக்களுக்கு இடையே 6 கி.மீ. இடைவெளி. ஆண்டுதோறும் புது அகழிகள் வெட்டி, ஐந்து ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான ஏவுமிடங்களை உருவாக்குவது கணக்கு. 600 ஏவுகணையும் அவற்றில் எங்கே இருக்கின்றன என்று எதிரிக்குத் தெரியாது. எல்லா இடத்தையும் அடிக்க வேண்டுமானால் அவனிடம் குண்டு போதாது. நடத்துவதற்கு 11,000 பேர் தேவைப்படும் என்று மதிப்பிட்டார்கள்.

விமானப்படையின் மினிட்மேன் ஏவுகணை மூன்று கட்டம் கொண்டது. அதைச் சுருக்கி இரண்டு கட்டமாக்கி ஐஸ்மேன் என்று பெயர் வைக்கத் திட்டம். பாய்ச்சல் தூரம் சுமார் 5,300 கி.மீ. துருவத்தைத் தாண்டினால் சோவியத் ஒன்றியம் என்பதால் அது போதும்.

அப்படியானால் கேம்ப் செஞ்சுரியில் ஏவுகணைகள் இருந்தனவா?

இல்லை. ஒன்றுகூட வைக்கப்படவில்லை. ஐஸ்மேன் ஏவுகணை தயாரிக்கப்படவே இல்லை. ஐஸ்வார்ம் காகிதத்தில் நின்றுபோன திட்டம். அதன் கட்டுமான முறை பலிக்குமா என்று பார்த்த இடம்தான் கேம்ப் செஞ்சுரி. இணையத்தில் "600 ஏவுகணை புதைந்து கிடக்கிறது" என்று எழுதுபவர்கள் திட்டத்தையும் முகாமையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

அணு ஆயுதம் இருந்தது துலே தளத்தில். 1958இல் சில மாதங்கள் குண்டுகளும், 1959 முதல் 1965 வரை நைக் ஹெர்குலிஸ் வான்பாதுகாப்பு ஏவுகணைகளுக்கான அணுமுனைகளும் அங்கே வைக்கப்பட்டிருந்தன.

கிரீன்லாந்து டென்மார்க்கின் பகுதி. அவர்களுக்குத் தெரியாமலா?

அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முகாமும் உலையும் தெரியும். 1951இல் இரு நாடுகளும் செய்த பாதுகாப்பு ஒப்பந்தப்படி அமெரிக்காவுக்குக் குறிப்பிட்ட பாதுகாப்புப் பகுதிகளில்தான் உரிமை. கேம்ப் செஞ்சுரி அவற்றுக்கு வெளியே இருந்ததால் தனி அனுமதி தேவைப்பட்டது. கோபன்ஹேகன் தயங்கிக்கொண்டிருந்தபோதே வேலை தொடங்கிவிட்டது, ஒப்புதல் பின்னால் வந்தது.

துலேயில் அணு ஆயுதம் வைப்பது அரைகுறையாகத் தெரியும். தன் மண்ணில் அணு ஆயுதம் கூடாது என்பது 1957 முதல் டென்மார்க்கின் வெளிப்படையான கொள்கை. அதே 1957 நவம்பரில், ஆயுதம் வைத்தால் தகவல் சொல்ல வேண்டுமா என்று அமெரிக்கத் தூதர் கேட்டார். பிரதமர் எச். சி. ஹான்சன், தங்கள் கருத்து குறித்து எனக்குச் சொல்ல ஏதுமில்லை என்ற பொருளில் ஒரு குறிப்பைக் கொடுத்தார். அதை அமெரிக்கா சம்மதமாக எடுத்துக்கொண்டது. நாடாளுமன்றத்துக்கோ மக்களுக்கோ இது தெரியாது.

ஐஸ்வார்ம் பற்றி டென்மார்க் அரசுக்குச் சொல்லப்படவே இல்லை.

ஏன் கைவிட்டார்கள்?

பனி நகர்ந்தது. தொட்டால் கல் போல இருந்தாலும் பனிக்கட்டி தன் எடையிலேயே மெல்ல ஒழுகும் பொருள். அகழி வெட்டியதும் சுற்றியுள்ள பனி அந்த வெற்றிடத்தை நிரப்ப முயலும். சுவர்கள் உள்ளே பிதுங்கும், கூரை தாழும், தரை எழும்பும். மேலே ஆண்டுதோறும் ஒரு மீட்டருக்கு மேல் புதுப்பனி விழுந்து பாரம் ஏறிக்கொண்டே போகும். இதெல்லாம் பொறியாளர்களுக்குத் தெரிந்ததுதான், முகாமுக்குப் பத்தாண்டு ஆயுள் என்று கணித்திருந்தார்கள். நகரும் வேகம்தான் கணிப்பை மீறியது.

நடைமுறையில் அது எப்படி இருந்தது என்றால், அகழிகளைப் பழைய அளவில் வைத்திருக்க மாதந்தோறும் 120 டன்னுக்கு மேல் பனியைச் சீவி எடுத்து வெளியே கொட்ட வேண்டியிருந்தது. ரம்பமும் மண்வெட்டியும் வைத்து ஆட்கள் செய்த வேலை இது. சீவினால் சுவர் விலகும், ஆனால் கூரையைத் தாங்கும் பனியும் குறையும். வெப்பம் அதிகமுள்ள இடத்தில் நகர்வும் அதிகம், அணு உலை அறைதான் எல்லாவற்றிலும் சூடானது. 1962 நடுவில் அதன் கூரை தாழ்ந்து, ஒன்றரை மீட்டர் உயர்த்திக் கட்ட வேண்டி வந்தது.

இப்போது இதை ஐஸ்வார்மோடு வைத்துப் பாருங்கள். 3 கி.மீ. அகழியைக் காப்பாற்றவே மாதம் 120 டன் என்றால், 4,000 கி.மீ. அகழிக்கு? அதுவும் தண்டவாளம் கோணாமல், ஏவுகணை ஓடும் அளவுக்கு நேராக? திட்டம் செத்தது இந்தக் கணக்கில்தான்.

வாஷிங்டனில் வேறொரு காரணமும் இருந்தது. 1960 இறுதியிலேயே கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணை ஏந்திய நீர்மூழ்கிகள் ரோந்து தொடங்கிவிட்டன, 1962இல் விமானப்படையின் மினிட்மேன் நிலத்தடிக் குழிகளில் இறங்கியது. எதிரி கண்ணில் படாமல் இடம் மாறும் ஏவுகணை என்ற வேலையை நீர்மூழ்கி மலிவாகவும் நன்றாகவும் செய்தது. தரைப்படைக்கு இதில் பங்கு வேண்டும் என்பதைத் தவிர ஐஸ்வார்முக்கு வாதம் மிஞ்சவில்லை.

1964 முதல் கோடையில் மட்டும் ஆட்கள் தங்கினார்கள். 1966, 67 அளவில் முழுவதும் கைவிட்டார்கள். 1969இல் உள்ளே போய்ப் பார்த்த குழு, மரக் கட்டடங்கள் நசுங்கிக் கிடப்பதையும் எஃகு வளைவுகள் முறுக்கிக்கொண்டு தொங்குவதையும் பதிவு செய்தது.

உண்மை எப்போது, எப்படி வெளியே வந்தது?

1968 ஜனவரி 21 அன்று நான்கு ஹைட்ரஜன் குண்டுகளோடு பறந்த பி-52 விமானம் துலே அருகே கடல் பனியில் விழுந்தது. அணு வெடிப்பு நிகழவில்லை, ஆனால் குண்டுகளில் இருந்த சாதாரண வெடிமருந்து வெடித்து புளூட்டோனியம் சிதறியது. துப்புரவில் டென்மார்க், கிரீன்லாந்துத் தொழிலாளர்களும் ஈடுபட்டார்கள். பிற்காலத்தில் உடல்நலக் கேடுகளுக்கு அவர்கள் நியாயம் கேட்டுப் போராடியதால் பழைய கோப்புகள் திறந்தன. 1995இல் ஹான்சனின் 1957 குறிப்பு பகிரங்கமாகி டென்மார்க் அரசியலே ஆட்டம் கண்டது. நாடாளுமன்றம் கேட்டுக்கொண்டபடி டென்மார்க் வெளியுறவு விவகார நிறுவனம் ஆவணங்களை ஆராய்ந்து 1997 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. ஐஸ்வார்ம் என்ற பெயரை உலகம் கேட்டது அப்போதுதான்.

இந்த வரலாறு வெளிவந்ததற்கு எந்த உளவாளியும் காரணமில்லை, தங்கள் நோய்க்குக் காரணம் தேடிய தொழிலாளர்களே காரணம். இதை அழுத்திச் சொல்ல வேண்டும், பல கட்டுரைகள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகின்றன.

பனித்துளை ஆய்வு என்று அடிக்கடி வருகிறதே, அது என்ன?

முகாமின் அகழி ஒன்றில் ராணுவத்தின் குளிர்ப்பிரதேச ஆய்வுக்கூடம் பனிப்பாளத்தைத் துளையிட்டது. முதலில் சூடான வளையத்தால் உருக்கி இறக்கும் துளைப்பான். 535 மீட்டர் வரை அது போனது. பிறகு மின்மோட்டாரால் சுழலும் துளைப்பானுக்கு மாறினார்கள். ஆழத்தில் துளை மூடிக்கொள்ளாமல் இருக்க டீசலும் டிரைகுளோரோஎத்திலீனும் கலந்த திரவத்தால் அதை நிரப்பினார்கள். 1966 ஜூலையில், சுமார் 1,387 மீட்டர் ஆழத்தில் பனி முடிந்தது. அதோடு நிற்காமல் அடியில் உறைந்து கிடந்த மண்ணிலும் மூன்றரை மீட்டர் அளவுக்கு எடுத்தார்கள். ஒரு பெரும் பனிப்பாளத்தின் அடிவரை துளைத்து மாதிரி எடுத்தது உலகிலேயே அதுதான் முதல்முறை.

பனிமாதிரியின் ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்கள், பனி விழுந்த காலத்து வெப்பநிலையை அவற்றின் விகிதம் காட்டும்) டென்மார்க்கின் வில்லி டான்ஸ்கார்ட் அளந்தார். 1969இல் வெளியான அந்த முடிவு, ஒரு லட்சம் ஆண்டுத் தட்பவெப்ப வரலாற்றை ஒரே கோட்டில் காட்டியது. இன்றைய காலநிலை அறிவியலின் அடித்தளங்களில் ஒன்று அது.

அடிமண் மாதிரி கிடப்பில் போனது. அமெரிக்காவின் பஃபலோ நகரிலிருந்து கோபன்ஹேகனுக்கு இடம் மாறி, 2017இல் உறைபெட்டிகளைக் கணக்கெடுக்கும்போது பிஸ்கட் ஜாடி போன்ற கண்ணாடிக் குப்பிகளில் மீண்டும் அகப்பட்டது. கழுவிப் பார்த்தால் அதில் குச்சியும் இலையும் பாசியும். 1.4 கி.மீ. பனிக்கு அடியில் ஒருகாலத்தில் செடி முளைத்திருக்கிறது. 2023இல் வெளியான காலக்கணிப்பு, அந்த இடம் சுமார் 4,16,000 ஆண்டுகளுக்கு முன் பனியில்லாமல் இருந்தது என்கிறது, 38,000 ஆண்டு முன்பின்னாக. அப்போது உருகிய கிரீன்லாந்துப் பனி கடல்மட்டத்தைக் குறைந்தது 1.4 மீட்டர் உயர்த்தியிருக்க வேண்டும் என்பது அதே ஆய்வின் கணக்கு. ஏவுகணைக்காகத் தோண்டிய குழியிலிருந்து மனிதகுலத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய பயன் இதுவே.

கழிவுகள் இன்னும் உள்ளேதான் இருக்கின்றனவா? எப்போது வெளியே வரும்?

உலையை மட்டும்தான் எடுத்துப் போனார்கள். பனி எல்லாவற்றையும் நிரந்தரமாக மூடிவிடும் என்று நம்பி மற்றதை விட்டுவிட்டார்கள். 2016இல் வந்த ஆய்வின் மதிப்பீடு: 55 ஹெக்டேர் பரப்பில் சுமார் 9,200 டன் கட்டுமானப் பொருள், 2,00,000 லிட்டர் டீசல், கழிவுநீர், குறைந்த அளவு கதிரியக்கம் கொண்ட குளிர்விப்பு நீர், பெயின்ட்டிலும் மின்சாதனங்களிலும் இருந்த பிசிபி வேதிப்பொருள்கள். கதிரியக்கத்தைவிடப் பிசிபிதான் கவலைக்குரியது. அது சிதையாது, மீன், சீல் வழியாக மனித உடலில் சேரும்.

அதே ஆய்வு, புவி வெப்பமாதல் கட்டுப்படாமல் போனால் 2090 அளவில் அந்த இடத்தில் விழும் பனியைவிட உருகும் பனி அதிகமாகலாம் என்றது. உடனே "2090இல் அணுக்கழிவு வெளியே வரும்" என்று செய்திகள் பறந்தன. அது தவறான வாசிப்பு. உருகத் தொடங்குவது வேறு, பல பத்து மீட்டர் பனி கரைந்து பொருள்கள் தலைகாட்டுவது வேறு. டென்மார்க்கின் புவியியல் ஆய்வு அமைப்பு 2017 முதல் அங்கே கருவிகள் வைத்துக் கண்காணிக்கிறது. அந்தத் தரவுகளோடு 2021இல் வந்த கணிப்பின்படி, 2100 வரை மேற்பரப்பு நீர் இடிபாடுகளைச் சென்றடையாது. அதற்குப் பிறகு என்ன என்பது பசுங்குடில் வாயு உமிழ்வைப் பொறுத்தது.

அங்கே வாழ்ந்த மக்களுக்கு என்ன ஆனது?

கேம்ப் செஞ்சுரி இருந்த பனிமேட்டில் யாரும் வாழவில்லை. அதைச் சாத்தியமாக்கிய துலே தளம், அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான இனுகுயிட் மக்களின் வேட்டை நிலத்தில் எழுந்தது. 1953 மே மாதம், தளத்தை விரிவாக்க வேண்டும் என்று சொல்லி, சில நாள் அவகாசத்தில் அவர்களை 100 கி.மீ.க்கு மேல் வடக்கே கானாக் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். அது கட்டாய வெளியேற்றம் என்று டென்மார்க் உயர் நீதிமன்றம் 1999இல் ஏற்றது, உச்ச நீதிமன்றம் 2003இல் உறுதி செய்தது. கிடைத்த இழப்பீடு சொற்பம். திரும்பிப் போகும் உரிமை கிடைக்கவில்லை.

அந்த இடத்தை இப்போது பார்க்க முடியுமா? ஆவணங்களை எப்படிப் படிப்பது?

வரைபடத்தில் 77.17 வடக்கு, 61.13 மேற்கு என்று போட்டால் வெறும் வெள்ளைதான் வரும். ரேடார்தான் வழி. 2024 ஏப்ரலில் நாசாவின் விமானம் பனிப்பாளத்தின் அடித்தரையை அளக்கப் பறந்தபோது, சுமார் 30 மீட்டர் ஆழத்தில் அகழிகளின் அமைப்பு தனித்தனியாகத் தெரியும் படம் கிடைத்தது. அந்தப் படத்தைப் பழைய முகாம் வரைபடத்தோடு வைத்துப் பார்த்தால் இணையான அகழிகள் பொருந்திவருவதைக் காணலாம்.

ஆவணங்களில் முதலில் படிக்க வேண்டியது 1965இல் ராணுவ ஆய்வுக்கூடம் வெளியிட்ட கட்டுமான அறிக்கை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தொழில்நுட்ப ஆவணக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் சாக்கடை நாற்றம் முதல் கூரை தாழ்ந்த அளவுவரை ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது, ஐஸ்வார்ம் மட்டும் இருக்காது. அதற்கு 1997 அறிக்கைக்குப் போக வேண்டும். படிக்கும்போது மூன்று இடத்தில் கவனம் தேவை. பழைய அறிக்கைகளில் அளவுகள் அடியிலும் அமெரிக்க கேலனிலும் இருக்கும், ஒரு கேலன் 3.785 லிட்டர் என்றே மாற்ற வேண்டும், பிரிட்டிஷ் கேலனைப் போட்டால் கணக்கு இருபது விழுக்காடு ஏறிவிடும். தூரம் சொல்லும்போது துலேவிலிருந்தா டூட்டோவிலிருந்தா என்று பார்க்க வேண்டும். ஆழம் சொல்லும்போது எந்த ஆண்டின் மேற்பரப்பிலிருந்து என்று பார்க்க வேண்டும். 1960இல் 8 மீட்டரில் இருந்த தரை, மேலே பனி சேரச் சேர ஒவ்வோர் ஆண்டும் இன்னும் ஆழத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது.